மேடைக்கு முதுகு காட்டியவர்

கண்ணுச்சாமி தம் சர்வீஸில் நானூறு கச்சேரிகளுக்கு மேல் போயிருக்கிறார். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பந்தோபஸ்துக்குப் போகிற போலீஸ்காரர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். முப்பத்து நாலு வருஷம், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும், பொங்கலோ தேரோட்டமோ, எங்கே மைக் கட்டினாலும் அவர் முதுகைத்தான் காட்டினார். பெரிய பெரிய பாடகர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால் நின்று பாடிவிட்டுப் போனார்கள். அவர்களில் யாராவது நாளைக்கு எதிரே வந்து நின்றால் அவருக்கு அடையாளம் தெரியாது. சங்கிலி அறுப்பவன் வந்து நின்றால், தலையில் முக்காடு போட்டிருந்தாலும் தெரியும்.

அதனால் அவருக்குப் பாட்டு தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்தப் பாட்டுக்கு வயசாளிகள் தொடையில் தட்டுவார்கள், எந்தப் பாட்டின் எந்த அடியில் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள், எது வந்தால் கடைசி வரிசையில் சட்டையைக் கழற்றிச் சுற்ற ஆரம்பிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சட்டை சுற்றும் பாட்டுக்கு மேளம் தட்டும்போதே லத்தி இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறிவிடும்.

போன வைகாசியில் ஓய்வு பெற்று, மாலையும் கழுத்துமாக ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றைக்கு, அவர் மனைவி வெள்ளத்தாய் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒரு கச்சேரிக்கு என் பக்கத்துல உக்காந்து, கடைசிப் பாட்டு வரைக்கும் கேக்கணும். அம்புட்டுத்தான்."

"இதென்ன பெரிய விசயம்?" என்றார் கண்ணுச்சாமி. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

ஆடிப்பூரத்தை ஒட்டி உள்ளூரிலேயே ஒரு மெல்லிசைக் கச்சேரி வந்தது. வெள்ளத்தாய் புதுச் சேலை கட்டிக்கொண்டு கூட்டிப் போனாள். இரண்டாவது பாட்டில், ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் கயிறு தொய்ந்து கிடப்பது அவர் கண்ணில் பட்டது. இழுத்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். கட்டினார். கட்டின இடத்திலேயே கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டார். நின்றுகொண்டிருந்த நாலு பேரை உட்காரச் சொன்னார். வேட்டி கட்டிய மனுஷன் சொன்னதைக் கேட்டு அவர்களும் உட்கார்ந்தார்கள். கச்சேரி முடிந்து வெள்ளத்தாய் வந்து தோளைத் தொட்ட பிறகுதான், தாம் டியூட்டியில் இல்லை என்பதே அவருக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாம் முறை சோழபுரம் பொங்கலில். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது பாட்டு முடிவதற்குள் அவர் முழுக்கப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். நேர் பின்னால் இருந்த ஒரு பெண் முதலில் நெளிந்தாள், அப்புறம் கேட்டேவிட்டாள்: "அண்ணாச்சி, என்னத்துக்கு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கீக?" அவள் புருஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். பாதிக் கச்சேரியில் வெள்ளத்தாய் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கோபம் வந்தால் கத்துகிற ரகம் இல்லை வெள்ளத்தாய். குழம்பில் உப்புப் புளி எல்லாம் சரியாகப் போட்டு, தட்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள். நாலு நாள் அப்படிச் சாப்பிட்ட பிறகு கண்ணுச்சாமிக்கு ஸ்டேஷனுக்கே திரும்பப் போய்விடலாம் என்று தோன்றியது. ஐந்தாம் நாள் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ராஜபாளையத்தில், மில்லுக்குப் பக்கத்து மைதானத்தில், ஹரிகிருஷ்ணன் குழுவின் கச்சேரி.

"இதான் கடைசி," என்றாள் அவள். "நாற்காலிய விட்டு எந்திரிச்சீகன்னா அதோட சரி. பொறவு நான் பக்கத்து வீட்டு முத்தாத்தாகூடப் போய்க்கிடுதேன். நீங்க வீட்டுல இருந்து நாலு சுவத்தையும் காவல் காருங்க."

கண்ணுச்சாமி ஒப்புக்கொண்டார். அவருக்குத் தைரியம் இருந்தது, ஏனென்றால் அவர் கையில் ஒரு பாட்டு இருந்தது.

கல்யாணமான வருஷம் ஒரு கச்சேரி பந்தோபஸ்தில் நின்றபோது, மூன்றாவது வரிசையில் வெள்ளத்தாயைப் பார்த்தார். கடைசிக்கு முந்தினதாக, புல்லாங்குழலில் தொடங்கும் ஒரு பழைய பாட்டு. இரண்டாவது சரணத்தில் அவள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். போலீஸ்காரர் கண்ணுக்கு அது தப்புமா? இவளுக்கு இந்தப் பாட்டென்றால் உயிர் என்று குறித்துக்கொண்டார். அதிலிருந்து, அவள் வருகிற கச்சேரிக்கெல்லாம், மேடையைச் சோதிக்கிற சாக்கில் போய் ஒரு சீட்டில் அந்தப் பாட்டை எழுதிக் கொடுத்துவிடுவார். ரசிகர்கள் சீட்டெழுதிப் பாட்டுக் கேட்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான், காக்கிச் சட்டையிலிருந்து வருகிற சீட்டை மட்டும் எந்தக் குழுவும் தட்டாது. அதேபோலக் கடைசிக்கு முந்தின பாட்டாகப் பாடச் சொல்வார். டியூட்டியில் இருக்கிற ஆள் என்பதால் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிடுவார்.

அவளும் தவறாமல் அந்த இடத்தில் அழுதாள். அவர் தவறாமல் பார்த்தார். இதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் அதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிற ஆள் அவர். கல்யாண வாழ்க்கையில் தாம் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று மனசுக்குள் ஒரு பெருமை இருந்தது.

ராஜபாளையத்தில் பொழுது சாயுமுன்பே போய் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தார்கள். வெள்ளத்தாய் பையிலிருந்து சிவப்புக் கரை போட்ட ஒரு துண்டை எடுத்து உதறிப் பக்கத்து நாற்காலியில் போட்டாள்.

"நான் இங்கனயேதான நிக்கேன், துண்டு என்னத்துக்கு?"

"பழக்கம்," என்று சொல்லி, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கச்சேரி தொடங்குமுன் தண்ணீர் வாங்குகிற சாக்கில் போய் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது டியூட்டி இல்லையே என்று, சீட்டில் முதல் தடவையாகத் தம் பெயரையும் எழுதினார்.

அப்புறம் மேடையைப் பார்த்து உட்கார்ந்தார். இவ்வளவு நாளும் முதுகுக்குப் பின்னால் என்னவோ பெரிதாக நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தார். கோட்டு போட்ட ஒருவர் செல்போனைப் பார்த்துப் பாடினார். அடுத்து ஒரு பெண் வந்து செல்போனைப் பார்த்துப் பாடினாள். ட்ரம்ஸ் வாசிப்பவர் பாட்டுக்கு நடுவே பிஸ்கட் தின்றார். இதற்காகவா இம்புட்டுப் பேர் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஏழாவது பாட்டில் பின்னால் நாற்காலி உடைகிற சத்தம் கேட்டது. "ஏலே, எவம்லே அவன்?" என்று ஒரு குரல். கண்ணுச்சாமியின் பிடரி தானாகத் திரும்பப் பார்த்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். வெள்ளத்தாய் மேடையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, பந்தோபஸ்துக்கு வந்த எஸ்.ஐ. பாண்டிச்செல்வம் குனிந்து வந்து காதோரம் சொன்னார்: "ஐயா, பின்னால கொஞ்சம் சலம்பலா இருக்கு. நம்மகிட்ட ஆளும் கம்மி. நீங்க செத்த நேரம் வந்து நின்னாப் போதும், அடங்கிருவானுவ."

இப்படி ஒருவர் கூப்பிட மாட்டாரா என்று ஒன்பது மாசமாகக் காத்திருந்தவர்தான் கண்ணுச்சாமி.

"தம்பி, நான் கச்சேரி கேக்க வந்திருக்கேன்," என்றார்.

பாண்டிச்செல்வம் அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்து நிமிஷத்தில் சலம்பல் தானாகவே அடங்கியது. தாம் போகாமலே அடங்கிவிட்டதில் கண்ணுச்சாமிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒருவழியாகப் புல்லாங்குழல் ஒலித்தது. கண்ணுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்து, மனைவி பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். முதல் சரணம் போனது. இரண்டாவது சரணம் வந்தது. வெள்ளத்தாய் கொட்டாவி விட்டாள்.

"என்னட்டி, ஒண்ணும் தோணலையா?"

"என்ன தோணணும்?"

"ஒனக்குப் பிடிச்ச பாட்டுல்லா?"

"எனக்கா? எந்த ஊருக்குப் போனாலும் இதப் பாடித் தொலைக்கானுவ. கேட்டாலே எனக்கு வயிறு எரியும்."

"பொய் சொல்லாத. இந்தப் பாட்டுக்கு நீ அழுவ. வருசா வருசம் நான் பாத்திருக்கேன்."

 வெள்ளத்தாய் மடியில் இருந்த துண்டை நீவிக்கொண்டே சொன்னாள்.

"பாட்டுக்கா அழுதேன்? கல்யாணமான வருசம், கடைசி அரைமணி நேரம் வந்து பக்கத்துல உக்காருதேன்னு சொன்னீக. நானும் இடம் போட்டு வச்சேன். இந்தப் பாட்டு வந்துட்டா இன்னும் ஒண்ணுதான் பாக்கி. சரி, இன்னைக்கும் நீங்க வரலைன்னு தெரிஞ்சு போகும். அதான்."

கண்ணுச்சாமி கணக்குப் போட்டார். அவள் வந்த கச்சேரிகள் நூறாவது இருக்கும். நூறு தடவை, தம் கையாலேயே எழுதிக் கொடுத்து, அவளை அழவைத்து, அதை நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். செய்தது நான்தான் என்று இப்போதே சொல்லிவிடலாமா, இல்லை, சாகிறவரை வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். திறக்காமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்தபோது பாட்டு முடிந்து, ஹரிகிருஷ்ணன் மைக்கைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர் ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரி திரு. கண்ணுச்சாமி அவர்கள். இருபது வருசமா இந்தப் பக்கம் நாங்க எந்த ஊருக்கு வந்தாலும் முதல் சீட்டு சாரோடதுதான். இதே பாட்டுத்தான். கடைசிக்கு முந்திப் பாடணும், பேரைச் சொல்லக் கூடாதும்பாரு. இன்னைக்குத்தான் பேர் எழுதியிருக்காரு. விழாக் கமிட்டி சார்பா சாருக்குப் பொன்னாடை போர்த்துறோம். சார், மேடைக்கு வாங்க."

வெள்ளத்தாய் மெதுவாகத் திரும்பினாள். கண்ணுச்சாமி அன்றைக்கு முதல் தடவையாக மேடையை உன்னிப்பாகப் பார்த்தார்.

"நீங்களா?"

"நீ அழுதியா... பிடிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று, இத்தனை வருஷம் கூட்டத்தைப் பார்த்துத் தேறிய கண்ணுக்கே புரிபடவில்லை.

கமிட்டியிலிருந்து ஒரு ராஜு வந்து, "ரண்டி சார், ரண்டி" என்று தெலுங்கில் வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார். கண்ணுச்சாமி நாற்காலியை விடவில்லை.

"கடைசிப் பாட்டு முடியட்டும். எந்திரிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

கமிட்டிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன் இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது.

"போயிட்டு வாங்க," என்றாள் வெள்ளத்தாய்.

"எந்திரிச்சா அதோட சரின்னியே?"

"எந்திரிங்கங்கேன்."

அவர் எழுந்தார். எழுந்த நாற்காலியில் அவள் சிவப்புக் கரைத் துண்டை விரித்துப் போட்டாள்.

"இடம் இருக்கும்," என்றாள்.

மேடையில் ஏறித் திரும்பியதும் கண்ணுச்சாமிக்கு மூச்சு சீரானது. எதிரே கூட்டம். பழகின காட்சி. யாரோ சால்வையைப் போர்த்தினார்கள். அவர் கண் வழக்கம்போலக் கடைசி வரிசையிலிருந்து மேய்ந்துகொண்டு வந்து மூன்றாவது வரிசையில் நின்றது. வெள்ளத்தாயின் முகம், எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு காலி இடம், அதன்மேல் ஒரு துண்டு.

இத்தனை வருஷமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. மணல்மேல் பாய் விரித்து உட்கார்ந்த காலத்திலும் இருந்திருக்கும். ஆட்களைப் பார்க்கத்தான் அவருக்கு டிரெயினிங் கொடுத்திருந்தார்கள், ஆளில்லாத இடத்தை அவர் பார்த்ததே இல்லை.

பிந்தி வந்த ஒரு பெண் குனிந்து அந்த நாற்காலியைக் காட்டி என்னவோ கேட்டாள். வெள்ளத்தாய் துண்டின்மேல் கையை வைத்துத் தலையை ஆட்டி ஏதோ சொன்னாள். மேடைக்குக் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். ஆள் வருது.

ஹரிகிருஷ்ணன் மைக்கை நீட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

"என் வீட்டுக்காரி இடம் போட்டு வச்சிருக்கா," என்றார் கண்ணுச்சாமி. "நான் போகணும்."

படியில் இறங்கும்போதே கடைசிப் பாட்டுக்கு மேளம் தட்டிவிட்டார்கள். சட்டை சுற்றும் பாட்டு. அவர் வலக்கை ஒருமுறை லத்தியைத் தேடிவிட்டுச் சும்மா இருந்தது. வந்தவுடன் வெள்ளத்தாய் துண்டை எடுத்தாள். அவர் உட்கார்ந்தார். பின்னால் விசிலும் கூச்சலும் மைதானத்தைத் தூக்கின. அவர் திரும்பவில்லை.

ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி முகம்தான் தெரிகிறது. ஒரு மூக்குத்தி, ஒரு கண். அவள் துண்டை எடுத்து அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டை சுற்றும் பாட்டுக்கு யாரும் அழுது அவர் பார்த்ததே இல்லை.