அடித்தால் எடுக்காதே

நான் கார்டைச் செருகினேன். ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமில் இருந்த அத்தனை போன்களும் செத்துப்போயின.

அந்தப் போன்களை இணைக்கும் ரூட்டரின் பின்பக்கம் நான்கு பொந்துகள். வேண்டிய கார்டை வேண்டிய பொந்தில் செருகிக்கொள்ளலாம் என்பது அதன் பெருமை. செருகும் முன் மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எனக்குத் தெரியாததா? எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பாடமாக எடுப்பதே நான்தான், கையை ஆட்டி ஆட்டி. ஆனால் அணைக்க வேண்டுமென்றால் அந்த அறைக்குப் பொறுப்பான அக்காவிடம் கேட்க வேண்டும். அக்கா பக்கத்து ஊர் கண்ட்ரோல் ரூமிடம் கேட்க வேண்டும். அவர்கள் எங்கள் அழைப்புகளையும் வாங்கிக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு நிமிட வேலைக்கு இத்தனை பேரைத் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தேன். இரக்க சுபாவம்.

ரூட்டரின் பச்சை விளக்குகள் ஒன்றாக அணைந்தன. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆறு மேஜைகள். மூன்றாவது மேஜையில் இருந்த பெண் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பேசும் வேகம் அப்படி. "அம்மா, கேக்குதா? கொழந்தையை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அம்மா? அம்மா, கேக்குதா?" அவள் குரல் உயர உயர மற்ற மேஜைக்காரர்கள் ஹெட்போனைக் கழற்றி அதை ஒரு முறை பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் ரூட்டரைப் பார்த்தேன். அதற்குப் பார்க்க வேறு யாரும் இல்லை.

அக்கா எழுந்து வந்தார். சின்ன உருவம், சத்தமே போடமாட்டார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. தானா அணைஞ்சு தானா வருது. இதோ வந்துடும்."

"பக்கத்து ஊருக்கு மாத்தச் சொல்லட்டுமா?"

"அதுக்குள்ள வந்துடும்க்கா."

வந்தது. வந்தபோது அதற்கு எதுவுமே ஞாபகம் இல்லை. எந்த அழைப்பு எந்த மேஜைக்குப் போக வேண்டும், எந்த லைன் எந்தக் கார்டில் வருகிறது என்று போன வாரம் முழுக்க நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். சொல்லிக்கொடுத்ததைச் சேமித்து வைக்க ஒரு கட்டளை உண்டு, ஒரே வரி. அந்த வரியை நான் அடிக்கவில்லை. அப்புறம் அடிக்கலாம் என்று எழுந்து டீ குடிக்கப் போனவன், நல்ல டீயாக இருந்ததால் இன்னொன்றும் குடித்தேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். வீட்டில் வைத்து இதே ரூட்டருக்கு நான் தயார் செய்த கட்டளைகள் ஒரு கோப்பில் இருந்தன. மேலிருந்து கீழ்வரை அப்படியே அள்ளி அதன் வாயில் திணித்தேன். விரல்கள் விசைப்பலகையில் தவறான எழுத்துகளையே தேடித்தேடி அழுத்தின. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. முதல் போன் அடித்தது. புயல் பாய்ந்து எடுத்தாள். அந்தக் குழந்தையின் அம்மாதான். "லைன் கட்டாயிடுச்சும்மா, இப்ப இருக்கேன், வண்டி பக்கத்துல வந்துடுச்சு, அழறானா? அழட்டும், அழட்டும், நல்லா அழட்டும்." நான் தரையில் உட்கார்ந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த முறை சேமிக்கும் கட்டளையை இரண்டு தரம் அடித்தேன்.

அதன்பின் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போன்கள் அடித்தன, வண்டிகள் கிளம்பின. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒயர்களை அழகாகக் கட்டிக்கொண்டிருந்தேன். தப்பு செய்தவன் ஒயர் கட்டுவதைப் பார்க்க வேண்டும், அத்தனை பக்தி. புயல் டீ டம்ளருடன் வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன சார், புதுக் கார்டு வேலை செய்யுதா?"

"ஜோரா செய்யுது. ஏன்?"

"இல்ல, இன்னைக்குப் பெரியவங்க யாருமே கூப்பிடல. அதான் கேட்டேன்."

"அதென்ன பெரியவங்க?"

"லேண்ட்லைன்ல வர்றது பூரா வயசானவங்கதான் சார். மொபைல்ல பேசத் தெரியாதவங்க. ஒரு நாளைக்குப் பத்து பேராவது வருவாங்க. சில பேரு சும்மா, தனியா இருக்கோம், பயமா இருக்குன்னு கூப்பிடுவாங்க. இன்னைக்கு ஒருத்தர்கூட இல்ல." டம்ளரை ஆட்டினாள். "எல்லாரும் நல்லா இருக்காங்க போல."

கட்டிக்கொண்டிருந்த ஒயரைக் கீழே போட்டேன்.

மொபைல் அழைப்புகள் பழைய கார்டில் வருகின்றன. லேண்ட்லைன் அழைப்புகள் இன்று முதல் நான் செருகிய புதுக் கார்டில் வருகின்றன. அவை எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் வைத்து நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. அதற்குப் பதிலாக, சோதனைக்காக, எங்கள் தொழிலில் எல்லோரும் எழுதும் ஒரு வரியை எழுதியிருந்தேன்: போக வழி தெரியாத அழைப்பு எதுவானாலும் இந்த எண்ணுக்கு அனுப்பு. அந்த எண், என் வீட்டில் பிரிட்ஜின் மேல், இணைய ஒயரில் மாட்டி வைத்திருந்த ஒரு மேஜை போன். எழுதியவன் வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும். அழிக்காத கோப்பைத்தான் அவசரத்தில் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

திரையில் போய்ப் பார்த்தேன். ஐந்து அழைப்புகள். ஐந்தும் என் வீட்டுக்குப் போயிருந்தன. அதில் மூன்று ஒரே எண்ணிலிருந்து. மூன்றாவதற்குப் பிறகு அந்த எண் கூப்பிடவே இல்லை.

ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு நல்ல காரணங்கள் எத்தனையோ இருக்கலாம். எனக்கு ஒன்றுகூடத் தோன்றவில்லை.

முதலில் அந்த வரியை அழித்தேன். லேண்ட்லைன்களை மேஜைகளுக்குத் திருப்பினேன். பிறகுதான் ரூட்டரின் தலைமேல் வைத்திருந்த என் மொபைல் கண்ணில் பட்டது, சத்தம் அணைத்த நிலையில். வீட்டிலிருந்து தவறிய அழைப்புகள். நான் திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தெரிந்துவிடுமே என்று பயம். அந்த மேஜை போனைப் பற்றி வீட்டில் நான் சொல்லி வைத்தது ஒன்றே ஒன்றுதான்: "அது டெஸ்ட் போன். சும்மா அடிச்சுக்கிட்டே இருக்கும். அடிச்சா எடுக்காதே."

எழுந்து அக்காவின் மேஜைக்குப் போனேன். அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது, இப்படியே வாசல் பக்கம் நடந்து, பஸ் ஏறி, வேறு ஊரில் வேறு பெயரில் ரீசார்ஜ் கடை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. கடைக்குப் பெயர்கூட வந்துவிட்டது. பிறகு அக்காவிடம் சொன்னேன், எல்லாவற்றையும், கார்டைச் செருகியதிலிருந்து.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் மாறியது. அவசரத்தில் கூப்பிடுகிறவர்களிடம் இவர்கள் பேசும் குரல்.

"நிதானமா சொல்லுங்க தம்பி. நம்பர் என்ன?"

"அக்கா, நான்..."

"நான் இருக்கேன். லைன்லயே இருங்க. நம்பரை மட்டும் சொல்லுங்க."

நேருக்கு நேர் நிற்கிறவனை லைனில் இருக்கச் சொன்னார். நானும் இருந்தேன்.

மூன்று எண்களையும் மேஜைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒரு பெரியவர் ஆஸ்பத்திரி போய் வர வண்டி கேட்டு அடித்தாராம். போன் எடுக்காததற்கு எங்கள் பரம்பரையையே வைதார். அத்தனை இனிமையான வசவை நான் கேட்டதில்லை. இன்னொருவருக்குக் கூப்பிட்டதே ஞாபகம் இல்லை. மூன்று முறை கூப்பிட்ட எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எண்ணை வைத்து முகவரி எடுத்து, அக்கா வண்டி அனுப்பினார். சற்று நேரத்தில் டிரைவர் ரேடியோவில் வந்தார்: "வீடு பூட்டியிருக்கு மேடம். வெளியில பூட்டு. செருப்பு ஒண்ணு வாசல்ல கெடக்கு. ஒத்தைச் செருப்பு."

அக்கா என்னைப் பார்த்தார். "வீட்டுக்குப் போன் போடுங்க, ஸ்பீக்கர்ல."

போட்டேன். என் மனைவி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லமாட்டாள். பதிலுக்கு இன்னொரு கேள்வி கேட்பாள். கல்யாணத்தன்று சம்மதமா என்று கேட்டதற்கே "ஏன், உங்களுக்கு இல்லையா?" என்றவள்.

"எத்தனை தடவை கூப்பிடறது? போனை எங்க வெச்சுத் தொலைச்சீங்க?"

"அந்த டெஸ்ட் போன் அடிச்சுதா?"

"ஏன் கேக்கறீங்க?"

"அடிச்சுதா இல்லையா?"

"அடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எடுத்தியா?"

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. "எடுக்கக் கூடாதுன்னுதான் உட்கார்ந்திருந்தேன்ங்க. மொத்தம் அஞ்சு தடவை அடிச்சுது, அதுல ஒரு நம்பரு மட்டும் ரெண்டு தடவை ரொம்ப நேரம். எரிச்சலா இருந்துச்சு. துண்டைப் போட்டு மூடினேன். அதே நம்பரு மூணாவது தடவை ரெண்டு மணி அடிச்சுட்டு பட்டுன்னு நின்னுடுச்சு. மிஷின்னா பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்குமில்ல? இது யாரோ வெச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. அதுல நம்பர் தெரிஞ்சுதா, என் மொபைல்ல இருந்து திருப்பிப் போட்டேன்."

"யாரு பேசினா?"

"ஒரு அம்மா. வீட்டுக்காரர் நாற்காலியில இருந்து சரிஞ்சுட்டாராம், வாய் கோணிக்கிச்சாம். ஆம்புலன்ஸா, ஆம்புலன்ஸான்னு என்னையே கேக்கறாங்க. நான் துணி தைக்கறவங்கறேன், அவங்களுக்குப் புரியல. அட்ரஸை மட்டும் வாங்கிக்கிட்டு ஆம்புலன்ஸ் நம்பருக்கு நானே அடிச்சு சொல்லிட்டேன். சரியா செஞ்சேனா?" பிறகு, என் பதிலுக்குக் காத்திராமல், "ஏங்க, அந்த அம்மா ஏன் நமக்கு அடிச்சாங்க?"

அப்புறம் சொல்கிறேன் என்றேன். இன்றைக்கு நான் தள்ளிப்போட்டவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புயல் நாற்காலியைத் திருப்பினாள். "ஒரு லேடி! ஆமா சார், நான்தான் எடுத்தேன், மொபைல்ல வந்ததால அதே வீடுன்னு தோணல. உங்க பேரு என்னன்னா, எதுக்குன்னு கேட்டாங்க. நோயாளிக்கு நீங்க என்ன வேணும்னா, என்ன வேணும்னு நெனைக்கறீங்கன்னாங்க. ஆனா அட்ரஸை மட்டும் சந்து பொந்து விடாம சொன்னாங்க. அப்பவே வண்டி போயிடுச்சு சார். பெரிய ஆஸ்பத்திரில சேர்த்தாச்சு. அது உங்க வீட்டம்மாவா?"

"எங்க வீட்டம்மாதான்."

அறையில் யாரோ சிரித்தார்கள். எல்லோரும் மூச்சு விட்டார்கள். நான் மட்டும் அக்கா மேஜை முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"இப்ப எப்படி இருக்காராம்?"

புயல் குனிந்து ஹெட்போன் ஒயரை நீவினாள். பக்கத்து மேஜைக்காரர், "சேர்த்தாச்சுல்ல சார்" என்றார்.

"சேர்த்தாச்சு. எப்படி இருக்காரு?"

"நாங்க கேக்கறதில்ல சார்."

அது அந்த அறையின் வழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆளை இறக்கிவிட்டால் இவர்கள் கதை முடிந்தது. பிழைத்தாரா, போனாரா, யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த போனை எடுக்கக் கை வராது என்றாள் புயல், என்னைப் பார்க்காமல், அவளுக்கே ஒத்துவராத மெதுவான குரலில். ஒரு வாரமாக இவர்களுடன் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். இத்தனை ஜோக்கடிக்கிறார்களே, கல் மனசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த போன் எடுக்கிற வேலை எனக்கு இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் அந்த எண்ணின் முதல் இரண்டு அழைப்புகள். என் வீட்டு பிரிட்ஜின் மேல், யாரும் எடுக்காமல், ரொம்ப நேரம் அடித்தவை. அவை அடித்தபோது நான் ஒயரை முடிச்சுப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்கக்கா."

"வண்டி போயிடுச்சு தம்பி. டாக்டர் பார்த்துக்குவாங்க."

"இது நீங்க எல்லாருக்கும் சொல்றது."

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

"அதுவும் எல்லாருக்கும் சொல்றதுதான்க்கா. என்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க." குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க இருமினேன். நடிப்பு எனக்கு என்றுமே வந்ததில்லை.

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மேஜை போனின் ரிசீவரை எடுத்து, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு எண்ணை அழுத்தினார். நான் போட்ட லைன். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. ஆறு மேஜைகளிலும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா முகவரியைச் சொன்னார், ஆண், வயதானவர் என்றார், காத்திருந்தார். "ம்" என்றார். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக ஏதோ கேட்டார். மறுபடி "ம்" என்றார். ரிசீவரை வைத்தபின்னும் கையை அதன்மேலேயே வைத்திருந்தார்.

நான் அந்தக் கையையே பார்த்தேன்.

"உயிர் இருக்கு" என்றார். அது அவருடைய சொந்தக் குரல். அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறேன், கொஞ்சம் கரகரப்பாக. "வலது கை, கால் வரல. பேச்சும் வரல. கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தா வந்திருக்குமான்னு கேட்டேன்."

மேஜையில் லேண்ட்லைன் பொத்தானின் விளக்கு எரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"வந்திருக்கும்னு சொன்னாங்க."

ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, அவர் அந்த விளக்கை அழுத்தினார்.