ரெண்டு சரணம்

எட்டு மாடிக் கட்டடத்தில் ஏறிக்கொண்டிருந்த லிஃப்ட் ஒன்று, தன் பாட்டைக் கேட்பதற்கென்றே நடுவழியில் நின்றது என்று நாற்பத்தாறு வருஷமாகச் சாதித்துவந்த மனிதரை, இன்று அவர் வீட்டு லிஃப்ட் உள்ளே விடமாட்டேன் என்றது. ஸ்ட்ரெச்சர் ஒரு முழம் கூடுதல் நீளம்.

அமரர் ஊர்தி வண்டிக்காரர்கள் இருவரும் குறுக்கே வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். மகள் கதவு மூடிக்கொள்ளாதபடி தோள் கொடுத்து நின்றாள்.

“நிக்க வெச்சாத்தாம்மா போகும்,” என்றார் மூத்தவர் தயங்கி.

“வேண்டாம்பா,” என்றாள் அம்மா வாசலிலிருந்து. “முப்பத்தெட்டு வருஷம் லிஃப்டுல நின்னே வேலை பாத்தவரு. இன்னைக்காவது படுத்துக்கிட்டுப் போகட்டும்.”

படிக்கட்டுதான் என்று முடிவாயிற்று. ஐந்து மாடி. கூட இரண்டு ஆள் வர வேண்டும். ஸ்ட்ரெச்சர் கூடத்துக்கே திரும்பியது.

மகள் கைப்பேசியை எடுத்தாள். “அம்மா, ஆள் வர்றதுக்குள்ள அப்பா பதிவு பண்ணின அந்தப் பாட்டைப் போடட்டா? நாலு நிமிஷம்தான்.”

“பாடுனவரே பேசாம படுத்திருக்காரு. பாட்டு எதுக்கு?”

“நீ ஒரு தடவைகூட அதைக் கேக்கலையேம்மா.”

“நாப்பத்தாறு வருஷமாக் கேட்டது பத்தாதா?”

மகள் கைப்பேசியை உள்ளே வைத்தாள். அப்பா இருக்கும்போதும் இதே பதில்தான். அவர் காத்திருந்தது இந்த ஒருத்தியின் காதுக்காக. அது கிடைக்காமலே போய்விட்டார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பாடகர். அவருடைய பாட்டு என்றால் ஒன்றுதான்: காதலனும் காதலியும் சேர்ந்து கிழடாகப் போவதைப் பற்றியது. முதலில் பாடிப் புகழ்பெற்றவனுக்கு அப்போது மீசை முளைத்து மூன்று நாள் ஆகியிருக்கும். ‘நீ நரைப்பாய், நான் நரைப்பேன்’ என்று அவன் குழைந்ததில் ஊரே கிறங்கியது.

அதைத்தான் அப்பா அன்று பழுது பார்த்த லிஃப்டை ஓட்டிப் பார்க்கும்போது பாடினார். உள்ளே இருந்த இன்னொரு ஆள், ஏழாவது மாடி அலுவலகத்துத் தட்டச்சுக்காரி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. பிறகு தானே கிளம்பியது. அப்பா மூன்று நாள் மோட்டாரைக் குடைந்தார், கயிற்றை அளந்தார், ஒவ்வொரு திருகையும் பெயர் சொல்லி விசாரித்தார். குறையே இல்லை. ஆகவே லிஃப்ட் ரசித்திருக்கிறது! நான்காவது மாதம் தட்டச்சுக்காரி மனைவியானாள்.

கல்யாணத்தன்று அப்பா சொன்ன கதையில் பத்து நிமிஷம் நின்ற லிஃப்ட், மகள் பள்ளியில் சேர்ந்தபோது அரைமணி நேரமாயிற்று. போன வருஷம் ஒரு மணி நேரம் நின்றது; தீயணைப்பு வண்டியில் வந்தவர்களும் ஏணியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா சமையலறையிலிருந்து ஒரே வார்த்தைதான் சொல்லுவாள்: “புளுகு.”

எழுபத்துநாலாவது வயதில் ஸ்டூடியோவுக்குப் போய் அந்தப் பாட்டைத் தன் குரலில் பதிவு செய்தார். மகள்தான் கூட்டிப்போனாள். “ஐயா, தப்பாப் பாடிட்டீங்க,” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார் ஒலிப்பதிவாளர். “நரைப்பாய், நரைப்பேன்.”

“தப்பு அவங்களோடது. அவசரப்பட்டுப் பாடிட்டாங்க. நான் ஆன பிறகு பாடுறேன்,” என்றார் அப்பா. பதிவு அப்படியே நின்றது: ‘நீ நரைத்தாய், நான் நரைத்தேன்.’

ஆட்கள் வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் படியில் இறங்கத் தொடங்கியது. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. மகள் அவளை லிஃப்டில் ஏற்றிக் கீழ்த்தளத்தை அழுத்தினாள். கதவு மூடியது.

“போடு,” என்றாள் அம்மா.

“எதைம்மா?”

“எதையா? அந்தக் கூத்தைத்தான்.”

மகள் போட்டாள். வயலின் சற்றே இழுத்து ஓய்ந்ததும் அப்பாவின் குரல் வந்தது. பல்செட்டுக்கு இடையில் காற்று கசிகிற குரல். நீ நரைத்தாய்.

அம்மா கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் பக்கவாட்டில் போய், பொத்தான்களைத் தடவி, கீழ்வரிசையில் சிவப்பாயிருந்ததை அழுத்தியது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நின்றது.

சுவருக்கு அப்பால் படிகளில் காலடிகள் இறங்கி வந்தன. “பாத்து, பாத்து... தலைப்பக்கம் தூக்கு... திருப்பு.” அவர்கள் நின்றிருந்த இடத்தைத் தாண்டிக் கீழே போயின.

முதல் சரணம் முடிந்தது. மகள் அந்தச் சிவப்புப் பொத்தானையும் அதன் மேலிருந்த விரலையும் பார்த்தாள்.

“அப்பாவுக்கு இது தெரியுமாம்மா?”

“எப்படித் தெரியும்? பாட ஆரம்பிச்சா கண்ணை மூடிக்குவாரே.”

இரண்டாவது சரணமும் முடிந்தது. அம்மா பொத்தானை வெளியே இழுத்துவிட்டாள். லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“ஒரு மணி நேரமெல்லாம் சுத்தப் புளுகு,” என்றாள். “ரெண்டு சரணம் நின்னுச்சு.”