கடைசி நாற்காலி

அன்று மேசையில் இருந்தது சூப்பா, மோர்க்கஞ்சியா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. ஆறிப்போனது நினைவிருக்கிறது. கஞ்சியாக இருந்தால் ஆறியதை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆகவே சூப்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் கன்னியர் மடம் ஃபிளாண்டர்ஸில் ஒரு கால்வாய்க் கரையில் இருந்தது. சாப்பிடும்போது யாரும் பேசமாட்டோம். ஒருத்தி மட்டும் வேதாகமம் வாசிப்பாள். அது என் வேலை. மேடையில் நிற்பதால் எல்லாருடைய முக்காடுகளும் எனக்குத் தெரியும்.

நீண்ட மேசையின் கடைசி நாற்காலி சிஸ்டர் வால்பர்காவுடையது. சமையலறைக் கதவோரம், குளிர்காற்று நேராக முதுகில் அடிக்கும். மேசையின் மேல்பக்கம் வரச் சொல்லிப் பலமுறை அழைத்தும் மறுத்துவிட்டார். "இயேசு விண்ணேறினப்புறம் மாடி அறையில எல்லாரும் கூடினப்போ பேதுரு முதல்ல, நம்ம மரியா அம்மா கடைசியில" என்பார். விருந்தாளிகளுக்கு அந்த நாற்காலியை நாங்களே காட்டுவோம். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை எழுந்திருக்கமாட்டார்.

இயேசுவின் விண்ணேற்றத் திருவிழாவுக்கு மறுநாள், மூடப்பட்ட வேறொரு மடத்திலிருந்து சிஸ்டர் அமெல்பெர்கா வந்தார். புதிதாக வருகிறவர் கடைசியில் உட்கார வேண்டும் என்பது விதி. செபத்துக்காக நின்றபோது ஒரே நாற்காலிக்குப் பின்னால் இருவர்.

"சிஸ்டர், இது என் இடம்," வால்பர்கா கிசுகிசுத்தார்.

"புதுசா வந்தவ நான்தானே? நீங்க மேல போங்க."

"மேல உட்கார எனக்குத் தகுதியில்ல."

"உங்களுக்கே இல்லன்னா எனக்கு எங்கருந்து வரும்?"

"என் பாவம் உங்களுக்குத் தெரியாது, சிஸ்டர்."

"என்னோடது தெரிஞ்சா நீங்க இந்த ரூமுலயே நிக்கமாட்டீங்க."

யாரோ முக்காட்டுக்குள் சிரித்தார்கள். ஆனால் வால்பர்காவின் கண்கள் கலங்கியிருந்தன. எங்களில் ஒருத்தி நன்றாகப் பாடுவாள், ஒருத்தி ரொட்டி சுடுவாள். அவர் கடைசியில் உட்காருவார். அதுவும் போனால் அவரிடம் என்ன மிஞ்சும்?

"மதர், நீங்களே சொல்லுங்க. அம்மா கடைசியிலதானே இருந்தாங்க?" என்றார் வால்பர்கா.

மடத்துத் தலைவி மதர் ரிகார்டா என்னைப் பார்த்தார். "அந்த இடத்தை வாசிங்க, சிஸ்டர்."

திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தைத் திறந்தேன். பதினொரு சீடர்களின் பெயர்கள், பிறகு பெண்கள், பிறகு இயேசுவின் தாய் மரியா. வால்பர்கா நிமிர்ந்தார். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. மரியாவுக்குப் பிறகு இயேசுவின் சகோதரர்கள் வருகிறார்கள்.

"அப்ப அவங்களுக்குப் பின்னாலயும் ஆளுங்க இருந்திருக்காங்க!" என்றார் அமெல்பெர்கா, கொஞ்சம் சந்தோஷமாகவே.

"இருந்திருக்காங்க. அதுல நீங்க பெருமைப்பட ஒண்ணுமில்ல," என்றார் மதர். "அம்மா எந்த இடத்தையும் பிடிச்சு வெச்சுக்கல. கிடைச்ச இடத்துல இருந்து செபம் பண்ணினாங்க. சூப் ஆறுது."

எல்லாருக்கும் பசி. கடைசியில் வால்பர்கா நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். நடுவில் காலியாக இருந்த இடத்துக்கு மெல்ல நடந்துபோய் உட்கார்ந்தார். அங்கே குளிரும் இல்லை, மதிப்பும் இல்லை. இரண்டு பக்கமும் உப்பு கேட்பார்கள், எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தார்.

வால்பர்கா சாகும்வரை நடுவிலேயே உட்கார்ந்தார். அமெல்பெர்காவுக்கு இடுப்பு வலி வந்து, அடுத்த குளிர்காலத்தில் மேலே இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். மதர் ரிகார்டா பதவிக்காலம் முடிந்ததும் சலவை அறைக்குப் போனார், அங்கேயும் அதிகாரம்தான். மடம் இப்போது முதியோர் இல்லம். நான் அதில் இருக்கிறேன்.