வாயாடி மெஷின்

காலை ஒன்பது மணிக்கே ஆஸ்பத்திரிக் கூடத்தில் நிற்க இடமில்லை. வாசலருகே புதிதாக வைத்திருந்த டோக்கன் மெஷினுக்கு ஊழியர்கள் அதற்குள் 'வாயாடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பார்வையற்றவர்களும் யார் தயவும் இல்லாமல் டோக்கன் எடுக்க வேண்டும் என்று அதை வடிவமைத்த ஆஸ்பத்திரிப் பொறியாளர் பேசும் வசதி வைத்திருந்தார். நல்ல மனிதர். கண்ணைக் கட்டிக்கொண்டு தானே பத்து முறை சோதித்தும் பார்த்தார். என்ன, சோதித்தது ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமையில். கூட்டத்தின் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று ஒலியையும் முழுசாகக் கூட்டி வைத்துவிட்டார்.

அன்று வெள்ளைக்கோலைத் தட்டியபடி தனியாக வந்தாள் ஒரு டெலிபோன் ஆபரேட்டர். இரண்டு முறை கரு கலைந்தவள். இரண்டு முறையும் கணவன் சந்தோஷத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, பிறகு விசாரித்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாமல் ஒடிந்து போயிருந்தான். இந்த முறை உறுதியான பிறகு தன் வாயால்தான் அவனிடம் சொல்வது என்றிருந்தாள். மெஷின் ஒவ்வொரு பிரிவாகச் சொல்லிக்கொண்டே வந்தது. தனக்கு வேண்டியது வந்ததும் பொத்தானை அழுத்தினாள்.

"நீங்கள் தேர்ந்தெடுத்தது, கர்ப்பப் பரிசோதனை" என்றது வாயாடி, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

யாரோ சிரித்தார்கள். யாரோ வாழ்த்தினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த அவள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை; உடனே போனை எடுத்துவிட்டாள். ஆபரேட்டர் டாக்டர் அறைக்குள் போகும் முன்பே கணவனிடமிருந்து போன் வந்தது. நிஜமா என்று கேட்டான். தனக்கே இன்னும் தெரியாத பதிலை அவள் எப்படிச் சொல்வாள்?

நல்ல பதில்தான் கிடைத்தது. வெளியே வந்தவள் பொறியாளரை விசாரித்துக்கொண்டு போய் நின்றாள்.

"நன்றி சொல்லத்தான் வந்தேன் சார். இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் யாரையும் கெஞ்சாம டோக்கன் எடுத்தேன். அதை மறக்க மாட்டேன். ஆனா கண்ணு தெரியாதவங்களுக்கும் ரகசியம் உண்டு சார்."

நடந்ததைக் கேட்ட பொறியாளருக்கு முகம் சுருங்கிப்போனது. திட்டிவிட்டுப் போகாமல் எடுத்துச் சொன்னாளே என்று மனதார நன்றி சொன்னார். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அவளையே அழைத்து, இயர்போன் செருகும் துளை எங்கே இருந்தால் கைக்குத் தட்டுப்படும் என்று கேட்டுக் கேட்டு மாற்றினார். செருகினால் ஒலிபெருக்கி தானாக அடங்கியது. கூட வந்த அவள் தோழி, சக்கர நாற்காலியிலிருந்து தனக்குப் பொத்தான் எட்டவில்லை என்று அதை ஒரு சாண் இறக்க வைத்தாள்.

ஐந்தாம் மாதப் பரிசோதனை முடிந்து மறுநாள் வந்தாள். இப்போது ரிப்போர்ட்டையும் மெஷினே படித்துச் சொல்லும். இயர்போனைச் செருகினாள். கூடத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கண்கள் மட்டும் நிறைந்தன.

பதறிப்போன பொறியாளர், "என்னம்மா சொல்லுச்சு?" என்றார்.

"அதை முதல்ல எங்க வீட்டுக்காரர்கிட்டதான் சார் சொல்லணும்" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்துவிட்டார். பிறகு தன்னோடு வேலை செய்பவர்களிடம் திரும்பிச் சொன்னார்: "ஒருத்தருக்காக ஒண்ணு செய்யணும்னா, முதல் நாளே அவங்களைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சுக்கணும். இல்லன்னா நம்ம உதவியே அவங்களுக்கு உபத்திரவமாப் போயிடும்."