மூக்கில் வைக்க மறந்த பாரம்

சமையலறைச் சன்னல் கண்ணாடியில், வெயில் விழும் பக்கமாக ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் விமானத்தின் மேனியில் ஒட்ட வேண்டிய நீலக் கோடுகளும் எழுத்துகளும் சின்னஞ்சிறு கொடியும் அச்சிட்ட தாள் அது. நாற்பதாண்டுகளுக்கு மேல் பெட்டிக்குள் கிடந்து, தேநீர் சிந்தினாற்போல் மஞ்சளித்துப் போயிருந்தது. வெயிலில் வைத்தால் தானே வெளுக்கும் என்று கணவர் போகுமில் சொன்னபோது யர்மிலா நம்பவில்லை. இப்போது நாள்தோறும் காலையில் எழுந்ததும், காபிக்கு நீர் வைக்குமுன், அந்தத் தாளைத்தான் பார்த்தாள்.

குளிர்காலத்தில் வந்த பக்கவாதம் போகுமிலின் வலக்கையைக் கொண்டுபோய்விட்டது. அலமாரியின் மேல் கூரையை முட்டும்படி அவர் அடுக்கி வைத்திருந்த, இன்னும் பிரிக்கப்படாத, பாகங்களை ஒட்டிச் செய்யும் விமான மாடல் பெட்டிகளை எல்லாம் எடுத்துக்கொள்ளுமாறு, ப்ருனோ நகர மாடல் சங்கத்தைச் சேர்ந்த லுபோரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். லுபோர் ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவருவதாக ஏற்பாடு. அதைக் கேட்டதும் யர்மிலா நாற்காலி போட்டு ஏறி, அடியிலிருந்து ஒரு பெட்டியை உருவினாள். மணமான கோடையில் பல்கேரியாவின் புர்காஸ் கடற்கரைக்கு அவர்களைச் சுமந்து சென்ற பயணிகள் விமானத்தின் மாடல் அது.

"இத நான் ஒட்டுறேன். நீ சொல்லு. இது நல்லா வந்துச்சுன்னா ஒரு பெட்டியும் இந்த வீட்ட விட்டுப் போகக் கூடாது."

"வராது, யர்கா."

"வந்தா?"

அவர் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் பாகங்களைச் சவர்க்கார நீரில் கழுவச் சொன்னார். வார்ப்பச்சின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காதாம். அது அவளுக்கு எளிதாயிருந்தது. அதன்பின் ஒவ்வொன்றிலும் சண்டை. "சட்டத்துலேர்ந்து முறுக்கிப் பிய்க்காத! வெட்டி எடு. முள்ளங்கியா அது?" என்றார். "ஒட்டறதுக்கு முன்னாடி சும்மா பொருத்திப் பாரு" என்றார். "பசைய இவ்வளவு அப்புற, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறியா?" என்றார். பெயின்டைப் பாலைப்போல் நீர்க்கக் கலந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்தபின் அடுத்தது பூச வேண்டும். அவர் மிகுதியாகச் சொன்ன சொல் "பொறு" என்பதே. ஒருமுறை அவள் பொறுக்கவில்லை. ஈரம் காயுமுன் எடுத்ததில், இடது இறக்கையின் வெள்ளையில் அவளுடைய பெருவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. உப்புத்தாளை எடுக்கக் கை நீட்டினாள். போகுமில் அந்த ரேகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருக்கட்டும்," என்றார்.

ஒரு புள்ளித் தூசுக்காக முழு விமானத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கும் மனிதர் அவர். யர்மிலா அவர் முகத்தைப் பார்க்காமல் தூரிகையைக் கழுவினாள். இந்தப் பெயின்ட் வாடை ஆகாதென்று எத்தனை குளிர்காலங்கள் அவரைப் பால்கனிக்கு விரட்டியிருக்கிறாள்! கம்பளித் தொப்பியும் மேலங்கியுமாய்க் கதவுக்கு அப்பால் குனிந்திருந்த முதுகு. விமானத்தின் சன்னல் வரிசைக்குக் கறுப்புத் தீட்டும்போது, மூன்றாவது சன்னலருகே அவள் தூரிகை நின்றது. அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவிடம் இரவல் வாங்கிய அங்கியின் கை நீளமாய்த் தொங்க, அவள் வாந்தியெடுக்கக் காகிதப் பையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த இளைஞனின் முகமும் வெளிறித்தான் போயிருந்தது.

ஞாயிறு காலையில், வெளுத்த தாளை வெந்நீரில் நனைத்துக் கோடுகளை விமானத்தின்மேல் வழுக்கி இறக்கினாள். ஒன்றும் கிழியவில்லை. சக்கரங்களின்மேல் விமானத்தை மேசையில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தாள்.

விமானம் சற்று யோசித்தது. பிறகு மெல்ல மூக்கை உயர்த்தி, வாலை மேசையில் ஊன்றி, பின்புறத்தால் உட்கார்ந்துகொண்டது.

"பாரம்," என்றார் போகுமில். "மூக்குக்குள்ள ஈயம் வைக்கணும். ரெண்டு பாதியையும் ஒட்டி மூடறதுக்கு முன்னாடி. புதுசா செய்யற எல்லாரும் இதத்தான் மறப்பாங்க."

"நான் மறக்கல. நீ சொல்லல."

மடியில் கிடந்த வலக்கையை அவர் பார்த்தார். "யாருக்கும் சொன்னதில்ல. எனக்கே நான் சொல்லிக்கிட்டதில்ல. கையே வச்சிடும்." பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "லுபோர் வரட்டும். எல்லாத்தையும் குடுத்திடு."

"புர்காஸுக்குக் கிளம்பினப்பவும் இது இப்படித்தான் மூக்கத் தூக்கிச்சு. அன்னிக்கு என் கைய நெரிச்சவன் நீ."

அவர் சிரிக்கவில்லை. "அடியில தாங்குகோல் வச்சு ஒட்டிடலாமா?" என்று அவள் கேட்டாள்.

"தாங்குகோலா! நொண்டிக்குதிரையா இது?" என்று சீறினார். "வேணும்னா முன்சக்கரக் குழிக்குள்ள சின்னதா ஓட்ட போட்டு, அது வழியா..." அவ்வளவில் நிறுத்திக்கொண்டார்.

யர்மிலா அதற்குள் எழுந்துவிட்டாள். அவருடைய தூண்டில் பெட்டியிலிருந்து மிதவைக்குக் கட்டும் கடுகளவு ஈயக் குண்டுகளைக் கிண்ணத்தில் கொட்டி வந்தாள். கைத்துளைப்பானைச் சுழற்றினாள், வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

"வால் பக்கம் உருண்டுட்டா இன்னும் மோசம்," என்றார்.

"அதுக்குத்தான் நான் மூக்கக் கீழ பிடிச்சுக்கறேன். நீ போடு."

"இந்தக் கையாலயா?"

"வேற கை வச்சிருக்கியா?"

அவர் அவளை முறைத்தார். பின்பு இடக்கையில் இடுக்கியை எடுத்தார். முதற்குண்டு துளையைத் தவறவிட்டு, மேசை விரிப்பில் ஓடித் தரையில் விழுந்தது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவது உள்ளே போய் மூக்கின் நுனியில் 'டிக்' என்று விழுந்த ஓசை அவளுடைய உள்ளங்கைக்குக் கேட்டது. பெருவிரல், தன் ரேகையின் மேலேயே பதிந்திருந்தது.

வாசல் மணி அடித்தது. இருவரும் அசையவில்லை. மீண்டும் அடித்தது.

"பொறு, லுபோர்!" என்று போகுமில் கத்தினார். "பசை காயணும்!"

குண்டுகள் உருளாதிருக்க ஊற்றவேண்டிய பசையை இன்னும் ஊற்றவே இல்லை. மூக்கு மேசையை நோக்கியிருக்க, அவள் இரு கைகளுக்கிடையே விமானம் தலைகீழாய் நின்றது. வெறுமையாய்விட்ட சன்னல் கண்ணாடியின் வழியே வந்த வெயிலில், இடுக்கி முனையில் நடுங்கும் அடுத்த ஈயக்குண்டு, துளைக்கு நேர்மேலே வந்து நின்றது.