ஏரிக்கரைக்கு அந்தாண்ட

சொம்புத் தண்ணீர் தளும்பாமல் வரப்பில் நடப்பது பூகோள வாத்தியாருக்குப் பழக்கப்பட்ட வேலை இல்லை. தேவசகாயம் பித்தளைச் சொம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் தண்ணீரிலேயே வைத்து நடந்தான். வேட்டி நுனி முள்ளில் மாட்டியதைக்கூடக் காலாலேயே இழுத்து விடுவித்துக்கொண்டான். மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்குக் குவாரியில் வெடி வைப்பார்கள். அதற்குள் ஏரிக்கரையைத் தாண்டியாக வேண்டும்.

மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த கெங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் வாத்தியாரே, அப்பாரு எப்பிடி இருக்காரு? நீயும் சொம்பத் தூக்கிக்கினு கெளம்பிட்டியா?"

"இருக்காரு. அவரு சொல்லித்தான் போறேன்."

"சரி, பாத்துப் போ" என்று அவள் குனிந்துகொண்டாள். அந்தச் சொம்பைப் பற்றி ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அவனுடைய அப்பா சவுரிராயன் அந்தக் குவாரியில் முப்பது வருஷம் வெடி வைத்தவர். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் திரி கொளுத்த மாட்டார். பூசைக்குப் போய் வந்தால் அன்றைக்குக் கல் என்ற பேச்சே கிடையாது. அந்த முப்பது வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் தவறினார். ரோட்டு வேலைக்கு ஜல்லி அவசரம் என்று காண்டிராக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்ச, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரே ஒரு வெடி வைத்தார். அது 1980 நவம்பர் இருபத்து மூன்று. அன்றைக்கே இத்தாலியில் பூமி ஆடியது. அங்கே ஒரு மலை ஊரில் அநாதைக் குழந்தைகளின் விடுதி இடிந்து விழுந்தது. அந்த விடுதியில் கன்னியாஸ்திரியாக இருந்த அவர் மகள் சவுரியம்மாள் செத்துப்போனாள். அடக்கமும் அங்கேயே நடந்து முடிந்த பிறகுதான் தந்தி வந்தது.

"ஞாயித்துக்கெழம வெடி வச்சேன். அது உள்ளாரயே போயி அங்க ஒடைச்சிருக்குது" என்றார் சவுரிராயன்.

தேவசகாயத்துக்கு அழுகையோடு கோபமும் வந்தது. திண்டிவனத்தில் ஐம்பது பிள்ளைகளுக்குப் பூமியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன், பெற்ற அப்பாவிடம் கெட்டிக்காரத்தனமாக மணிக் கணக்கை எடுத்துவிட்டான். அங்கே ஆடியது ராத்திரி ஏழரைக்கு. அப்போது நமக்கு நடுராத்திரி பன்னிரண்டு. நீ வெடி வைத்ததோ ஐந்து மணிக்கு. எப்படிப் பொருந்தும்?

சவுரிராயன் விரல் விட்டு எண்ணினார். "ஏழு மணி நேரம். அம்மாந்தூரம் கல்லுக்குள்ளயே போறதுன்னா அவ்ளோ நேரம் ஆவத்தானே செய்யும்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதிலிருந்து சவுரிராயன் திரியைத் தொடவில்லை. விசிலையும் சிவப்புக் கொடியையும், தன்னை மேஸ்திரி என்று கூப்பிடும் கையாள் மாரியப்பனிடம் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு மணியானால் சொம்பில் தண்ணீர் மொண்டு தரையில் வைத்து, வெடி எது வரைக்கும் போகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பார். வெடித்ததும் தண்ணீரில் வளையம் ஓடும். முதலில் வீட்டு வாசலில் பார்த்தார். பிறகு கோயிலடியில், புளியந்தோப்பில், கடைசியில் ஏரிக்கரையில். எங்கே வைத்தாலும் மெல்லிசாக ஒரு வளையம் ஓடத்தான் செய்தது. ஐந்து வருஷமாகியும் கரையைத் தாண்டி அவர் ஒரு நாளும் போகவில்லை.

போன வாரம் அவர் விழுப்புரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது, மெக்சிகோவில் பூகம்பம் என்று யாருடைய ரேடியோவோ சொன்னது. மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து நம்ம குவாரியில வெடி வச்சாங்களா?"

"மழையில குவாரி பத்து நாளா மூடிக் கெடக்குது, நைனா."

"அப்ப வேற ஏதோ ஊரு குவாரி" என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

நெஞ்சு முழுக்கக் கல் தூசி, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பி மூன்று நாள் ஆகிறது. இன்று சனிக்கிழமை. விடிந்ததும் அவர் மகனைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஏரிக்கரை வரைக்கும் ஆடுதுடா. அதுக்கு அந்தாண்ட நான் போனதில்ல."

"ஏன் போவல?"

"பயந்தான். அங்கயும் ஆடுச்சின்னா என்னா பண்றது?" கொஞ்ச நேரம் மூச்சுக்குப் போராடினார். "நீ போய்ப் பாத்துக்கினு வந்து சொல்லு. பொய் சொல்லாத."

கோயிலுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, ஆடவில்லை என்று சொன்னால் போதாதா என்று அவன் மனைவி அம்சவள்ளி காதோடு கேட்டாள். அவனுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனாலும் சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஏரிக்கரைக்கு அந்தாண்ட ரோட்டுப் பக்கம் போனால் லாரி ஓடும், லாரிக்கும் தண்ணீர் ஆடும். அதனால் கிழக்கே திரும்பி, ஒற்றைப் பனைமரத்தடியில் தரையோடு தரையாகக் கிடந்த கருங்கல்லைக் கண்டுபிடித்தான். சொம்பை அதன்மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் குப்புறப் படுத்தான். கல் வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீரில் பனையின் தலையும் ஒரு துண்டு மேகமும் தெரிந்தன. பார்க்கப் பார்க்க எது மேலே எது கீழே என்று கொஞ்சம் மயங்கியது.

இந்தக் கல்லும் சும்மா கிடக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நாட்டோடு சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை வடக்கே நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. வகுப்பில் எத்தனையோ தரம் சொன்ன விஷயம்தான். வயிற்றுக்கடியில் அது போவதை இன்றைக்குத்தான் உணர்ந்தான். திண்டிவனம் பள்ளிக்கூடம், விழுப்புரம் ஸ்டேஷன், மல்லாட்டைக் கொல்லை, அப்பா படுத்திருக்கும் கயிற்றுக்கட்டில் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீரும் சிந்தாமல் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

தூரத்தில் மாரியப்பனின் விசில் மூன்று முறை கேட்டது.

தேவசகாயம் மூச்சை அடக்கிக்கொண்டான். தண்ணீர் ஆடாது என்று அவனுக்குத் தெரியும். ஆடினாலும் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று தெரியும். இருந்தும் பயந்தான். சத்தம் ஏரியைத் தாண்டி வந்தது. கொக்குகள் எழுந்தன. தண்ணீரில் மேகம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் அந்தக் கல்லின்மேல் கன்னத்தை வைத்து, வெட்கமில்லாமல் அழுதான்.

திரும்பி வந்தபோது அம்சவள்ளி கட்டிலோரம் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். சவுரிராயனின் கண்கள் நேராகச் சொம்புக்குப் போயின.

"ஆடல, நைனா."

"மெய்யாவா?"

"மெய்யா. அந்தாண்ட கல்லு மேல வச்சிப் பாத்தேன். சத்தம் வந்துச்சி. தண்ணி அசையல."

அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. "அப்ப ஏன்டா அவ இருந்த ஊரு மட்டும் ஆடுது? நம்ம ஊரு ஏன் ஆடல?"

ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது. படமும் கோலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னதை இந்த மனிதருக்குப் புரியும்படி சொல்ல அவன் ஒரு நாளும் உட்காரவில்லை. தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

"கல்ல நீ எங்க பாத்து ஒடைப்ப, நைனா?"

"ரேகையில. கல்லுல ஓடுற வெடிப்புக் கோட்டுல."

"பூமிக்கும் ரேகை இருக்குது. பூமி ஒரே கல்லு இல்ல, பெரிய பெரிய பாளமா கெடக்குது. ஒண்ண ஒண்ணு நெருக்கிக்கினு, ஒராசிக்கினு இருக்கும். அந்த ஓரத்துல இருக்கிற ஊருங்களுக்குத்தான் ஆட்டம், நெருப்பு மலை எல்லாம். இத்தாலி ஓரம். மெக்சிகோ ஓரம். ஜப்பானும் ஓரந்தான். நாம ஓரத்துலேருந்து ரொம்பத் தூரம், ரொம்பப் பழைய கல்லு. அங்கயும் கெட்டியா கட்டுன வூடுங்க நின்னுச்சி. அக்கா இருந்தது எந்தக் காலத்துலயோ மண்ணு வச்சி அடுக்குன கல்லுக் கட்டடம். செவுரு விழுந்துதான் செத்தாங்க. உன் வெடிக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல."

கல்லைப் பற்றிச் சவுரிராயனுக்கு ஒரு தரம் சொன்னால் போதும்.

"அப்ப அவள ஓரத்துக்கு அனுப்புனது நான்தான்" என்றார்.

அம்சவள்ளியின் விரல் ஜெபமாலையில் நின்றுவிட்டது. இதைத் தேவசகாயம் எதிர்பார்க்கவில்லை.

"நீ எங்க அனுப்புன? அவளா கேட்டு வாங்கிக்கினு போனா. விழுப்புரம் ஸ்டேஷன்ல வச்சிக்கூட நீ வாணாம் வாணாம்னு சொன்ன. அவ சிரிச்சிக்கினே ஏறுனா."

"ஆமா. சிரிச்சா." அவர் முகம் இளகியது. "இந்தச் சொம்புலதான் தண்ணி குடிச்சா. ஜன்னல் வழியா திருப்பிக் குடுத்தா. பாதி இருந்துச்சி. ரயிலு போச்சி. போனதுக்கு அப்புறமும் தண்ணி ஆடிக்கினே இருந்துச்சிடா. பாத்துக்கினே நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நின்னுச்சி" என்று கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மணிக்கு மூச்சும் நின்றது. கோயிலில் துக்க மணி அடித்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாரியப்பன் வந்து வாசலில் நின்றான். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டடி தோண்டினால் பாறைதான். சின்னதாக ஒரு வெடி வைத்தால்தான் குழி ஆழமாகும். தேவசகாயத்தின் அம்மா உட்பட ஊரில் பாதிப் பேருக்குச் சவுரிராயன்தான் அப்படிக் குழி திறந்துகொடுத்தார்.

"வாத்தியாரே, பாறை வந்துடுச்சி. ஒண்ணு வைக்கணும்." மாரியப்பன் தலையைச் சொறிந்தான். "இன்னிக்கி ஞாயித்துக்கெழம. ஞாயித்துக்கெழம கொளுத்தாதடான்னு மேஸ்திரி எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினு இருக்காரு."

உள்ளே சவப்பெட்டியின் தலைமாட்டில் மெழுகுவர்த்தியும், அதன் பக்கத்தில் தரையில் அந்தச் சொம்பும் இருந்தன. நேற்று ஏரிக்கு அந்தாண்ட போய் வந்த அதே தண்ணீர்.

"வை, மாரியப்பா" என்றான் தேவசகாயம். "ஒண்ணும் ஆவாது."

அரை மணி கழித்து விசில் மூன்று முறை கேட்டது. அம்சவள்ளி சிலுவை போட்டுக்கொண்டாள். வெடி அமுக்கமாகத்தான் கேட்டது. சுவரில் மாட்டியிருந்த சவுரியம்மாளின் படம் லேசாகத் தட்டியது. தண்ணீரில் ஒரு வளையம் புறப்பட்டு விளிம்பில் மோதித் திரும்பியது.

வெடி ஆகிவிட்டது, தூக்கலாம் என்று வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள். நாலு பேர் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்கள். தேவசகாயம் கையை உயர்த்தித் தடுத்தான்.

"கொஞ்சம் இருங்க."

சொம்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். ஆட்டம் நின்று, தண்ணீரில் கூரையின் ஓலைகள் ஒவ்வொன்றாகத் தெரியும்வரை அவன் கையை இறக்கவில்லை.