மாசிப் பௌர்ணமிக்கு ஒரு இடம்

பல்லாவரம் பக்கம் ஒரு கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் பதினோரு மாதம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பகலில் தூக்கம் வரவில்லை. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் அக்கா வீடு. ஒரே அறை, அடுத்த கட்டடம் மாவு மில். ஒரு விடியற்காலை உலை வாய் எந்தப் பக்கம், வெளியே போகும் கதவு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். அன்றோடு போகவில்லை. மாசி முடிகிறவரை உன் பேரை அடிக்காமல் வைக்கிறேன், அதற்குள் வந்தால் வா என்று மேஸ்திரி ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். மாசிக்குள் ஒரு பகல் வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் உலைதான்.

பஜாரில் கிஃபாயத்துல்லா பாய் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கல்யாணம், கந்தூரி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் ஷாமியானாதான். அவர் கடையில் தினமும் போய் நின்றேன். ஒருநாள் ஒரு தபாலை என் பக்கம் தள்ளினார்.

"இங்கிலீஷ் தெரியும்னு சொன்னியே. இன்னா எய்திகீதுன்னு படி."

மெட்ராஸில் ஒரு டிராவல் ஏஜெண்டின் கடிதம். லண்டனிலிருந்து தரை வழியாகவே பஸ்ஸில் வருகிறவர்கள் பதினெட்டுப் பேர். மாசிப் பௌர்ணமி அன்றும் மறுநாளும் மகாபலிபுரம் கடற்கரையில் கூடாரத்தில் தங்குவார்கள். மண் சமமாக இருக்க வேண்டும். குடிதண்ணீர் வேண்டும். வீடுகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் கூடாது. அமைதி முக்கியம்.

"வூடு வாசல் இல்லாதவங்களா பாய்?"

"எல்லாருக்கும் வூடு கீதுபா. அத்த வுட்டுட்டு மண்ல படுக்கறதுக்கு டப்பு குடுத்து வராங்க. எனக்கும் புரியல. நீ மைதீனக் கூட்டிகினு போய் எடத்தப் பாரு. நல்லபடியா முடிஞ்சா நாளப்பின்ன கடையிலயே உக்காந்துக்கோ. காத்தால ஒம்பது, சாயந்திரம் ஆறு."

காலை ஒன்பது, மாலை ஆறு. பஸ்ஸில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாயின் கடையில் கூடாரம் அடிப்பவன் மைதீன். எங்கே முளை அடித்தால் நிற்கும் என்று காலால் மிதித்தே சொல்வான். ஆனால் இந்தக் கடிதம் அவனையும் குழப்பிவிட்டது. "ஆளே இல்லாத எடத்துல இன்னாத்துக்கு ஷாமியானா? யாரு பாக்கறது?" என்று இரண்டு முறை கேட்டான்.

முதலில் திருவிடந்தை போனோம். கோயிலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பு. குத்தகைக்காரர் வெங்கடராகவன், ஓய்வு பெற்ற வாத்தியார். தாராளமாகத் தங்கலாம் என்றார். பிறகு, நெருப்பு மூட்டக் கூடாது என்றார், சவுக்குச் சருகு பற்றிக்கொள்ளும். மாமிசம் கூடாது. பொம்மனாட்டிகள் முழங்கால் தெரிய நடமாடக் கூடாது. சாயரட்சைக்கு மேல் சத்தம் கூடாது.

"படுத்துகினு மூச்சு வுடலாமா சாமி?" என்றான் மைதீன்.

"அது அவா இஷ்டம்" என்றார் அவர், சிரிக்காமல்.

கல்பாக்கம் பக்கம் போகலாமா என்று யோசித்தோம். அங்கே கட்டுமான லாரிகள் ஓயாமல் ஓடும். அமைதிக்கு அது ஆகாது. கடைசியில் மகாபலிபுரத்திலேயே இறங்கி, கடற்கரைக் கோயிலைத் தாண்டி மணலில் நடந்தோம்.

அந்த இடத்தைப் பார்த்ததும் மைதீன் நின்றான். கொஞ்சம் மேடு. மண் அமுங்கவில்லை. இரண்டு பனைமரம். ஒரு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர். மீனவர் குப்பம் கூப்பிடு தூரத்துக்கு அப்பால். கண்ணுக்கு எட்டின வரை ஒரு ஆள் இல்லை. கடிதத்தைப் பார்த்து மண் செய்த மாதிரி இருந்தது. இவ்வளவு நல்ல இடத்தில் ஏன் யாருமே இல்லை என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ராத்திரி ஷிஃப்ட் விட்டுச்சென்ற பழக்கம், எது சரியாக இருந்தாலும் சந்தேகம் வரும்.

விசாரிக்காமல் முடிவு செய்யவில்லை. அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெருமாள் கோயிலில் கணக்கு எழுதும் ஆராவமுதனைப் போய்ப் பார்த்தேன். பௌர்ணமிக்கு அங்கே கூட்டம் வருமா என்று கேட்டேன்.

"மாசி மகம் ஆச்சே. பெருமாள் சமுத்திரத்துக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். விடிஞ்சு ஒரு மணி நேரம். எட்டு மணிக்கெல்லாம் திரும்பிடுவார்."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் யார் இருக்கா? காக்கா இருக்கும்."

பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்த பர்வதத்தையும் கேட்டேன். "அந்தப் பக்கமா? அங்க யாரு வருவா. பௌர்ணமின்னா மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு காரு வரும், கோயிலப் பாத்துட்டுப் பூடும்" என்றாள். ஒரு மீனவரைக் கேட்டேன். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டோம், வலை இழுக்க மாட்டோம், இடம் சும்மாத்தான் கிடக்கும் என்றார்.

மூன்று பேர் சொன்னதும் ஒன்றுதான். பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் போய்ச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். கடலைப் பார்த்து முன் வரிசையில் ஒன்பது கூடாரம். பின்னால் சமையலுக்கு, சாமானுக்கு. மூலைக்கு மூலை முளை அடித்தோம். திரும்பிப் பார்த்தபோது கிரிக்கெட் மைதானம் மாதிரி சுத்தமாக இருந்தது. அன்று மத்தியானம் அக்கா வீட்டில், மாவு மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கினேன்.

பௌர்ணமி அன்று காலை பத்து மணிக்கு லாரியில் கூடாரங்களோடு போய் இறங்கினோம். மைதீன் முதலில் குதித்தான். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணாத்த, வேற ஊருக்கு வந்துட்டமா?"

கடற்கரை முழுக்க ஜனம். நூறு இருநூறு இல்லை. பனைமரத்திலிருந்து கோயில் மதில் வரை புடவைகள். நான்கு கழி நட்டு, மேலேயும் மூன்று பக்கமும் புடவையைக் கட்டி, உள்ளே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். மூன்று கல் வைத்து எங்கும் உலை கொதித்தது. கோழிகள் காலில் கயிற்றோடு நடந்தன. எங்கள் சுண்ணாம்புக் கோட்டுக்குள் முப்பது குடும்பமாவது இருக்கும். எங்கள் முளைகளில் அவர்கள் கயிறு கட்டியிருந்தார்கள்.

இருளர்கள். செங்கல்பட்டைச் சுற்றி ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் இருப்பவர்கள். அறுவடை முடிந்த வயலில் எலி பிடிப்பார்கள், வீட்டில் பாம்பு வந்தால் எல்லோரும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். நானும் தினமும் பார்த்தவன்தான். வருஷம் ஒருமுறை இங்கே வருவார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஓடினேன். பெருமாள் கோயில் வாசலில் ஆராவமுதன் குடையோடு நின்றிருந்தார்.

"கூட்டம் வராதுன்னீங்களே சார்!"

"எங்கே கூட்டம்?"

கடற்கரையைக் காட்டினேன்.

"அவாளா?" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அவா வருஷா வருஷம் வருவா. மகத்துக்கு வருவா, மறுநாள் போயிடுவா. நீங்க ஜனக் கூட்டம் வருமான்னு இல்லையோ கேட்டேள்?"

பர்வதமும் அதையேதான் சொன்னாள், வேறு வார்த்தையில். அந்த மீனவரும். ஒருவரும் பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. நினைவுக்கே வரவில்லை. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று என்னை யாராவது கேட்டால், தெருக்கோடியில் படுத்திருக்கும் இருளர் குடும்பத்தை நானும் சேர்த்திருக்க மாட்டேன்.

திரும்பி வந்தேன். கோட்டுக்குள் முதலில் இருந்த புடவைக் கூடாரத்தின் முன்னால் ஒரு பெண் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"எல்லாரும் எழுந்திருங்க. இது எங்க எடம். கோடு போட்டிருக்கறது தெரியல?"

"கோடு நீ போட்டதா?" என்றாள். பக்கத்துக் கூடாரத்துப் பக்கம் திரும்பி, "ஏ, இவுருதானாம் கோடு போட்டது!" என்று கத்தினாள். அங்கே சிரித்தார்கள். "நாங்க கெவர்மெண்டு போட்டதுன்னுகினு இருந்தோம். ஒருநாளும் இல்லாத திருநாளா நமக்குன்னு கோடு கிழிச்சி வச்சிகிறானேன்னு எங்க வூட்டு ஆளு கும்புட்டாரு."

"வெள்ளக்காரங்க வராங்க. நாலு மணிக்கு. அவங்களுக்கு இந்த எடம்."

"அவங்களுக்கு வூடு இல்லியா?"

"இருக்குது."

"பின்ன?"

மைதீன் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "கலைக்க முடியாது அண்ணாத்த, கணக்கில்லாம கீறாங்க. திருவிடந்தைக்கே போயிரலாம்" என்றான். பஸ் நேரே இங்கேதான் வரும். லாரி எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது, வழியில் மறித்துத் திருப்ப எங்களிடம் சைக்கிள்கூட இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். என் முன் வரிசை காலியாக இருந்தது. கடலுக்கு மிக அருகே, ஒன்பது கூடாரத்துக்கு நான் கோடு போட்ட இடத்தில் ஒரு குடும்பம்கூட உட்காரவில்லை.

"அங்க ஏன் யாரும் போடல?" என்று அவளைக் கேட்டேன்.

"இன்னிக்கி பௌர்ணமி. தண்ணி ஏறும். உன் வெள்ளக்காரன் மெதந்துகினே போவான்." கிழங்குத் தோலைக் கொட்டிவிட்டு எழுந்தாள். அவள் பேர் வேண்டா என்று யாரோ அவளைக் கூப்பிட்டதில் தெரிந்தது. "எத்தினி கொட்டா போடணும்?"

"ஒன்பது."

அவள் அங்கே இங்கே சத்தம் போட்டாள். சிலர் நகர்ந்தார்கள், சிலர் திட்டினார்கள், ஒரு கிழவர் நகரவே மாட்டேன் என்றார். எங்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் சேர்ந்தாற்போல் இல்லை. இரண்டு புடவைக்கு நடுவே ஒரு கூடாரம், நான்கு அடுப்பு தள்ளி இன்னொன்று. மைதீன் தலையில் அடித்துக்கொண்டே முளை அடித்தான். எங்கள் காக்கிக் கூடாரங்கள் அந்த நிறங்களுக்கு நடுவே போலீஸ் நிற்கிற மாதிரி இருந்தன.

மூன்று மணிக்குப் பாய் வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

நாலரைக்கு பஸ் வந்தது. தலைவி ஒரு பெண், மார்கரெட் என்று பேர், கையில் நோட்டு. இறங்கிக் கடிதத்தின் நகலையும் கடற்கரையையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்கள் யார் என்று என்னைக் கேட்டாள். இவர்களும் முகாம் போட வந்தவர்கள்தான் அம்மா என்றேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. அவர்களில் ஒரு வயதானவர் கோபமாகப் பேசிவிட்டுப் போய் பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் கேமராவை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பையனுக்கும் ஒரு கோழிக்கும் நடுவே இரண்டு வெள்ளைக்காரர்கள் குந்தி உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். வேண்டா அவர்களைத் தமிழில் ஏதோ விசாரித்தாள். அவர்கள் இங்கிலீஷில் பதில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள்.

மார்கரெட் பாயிடம் வெகுநேரம் பேசினாள். பாய் எஸ், எஸ் என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். முகம் மாறியிருந்தது.

"ஏம்பா, சொல்லவேயில்லியே நீ! இவங்களை எப்பிடிக் கூட்டாந்தே? அந்தம்மாவுக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சி. பங்குனியில இன்னொரு பஸ்ஸு வருதாம். இதே மாதிரி ஜனத்தோட வேணுமாம்."

"நான் கூட்டிட்டு வரல பாய். அவங்களா வந்தாங்க."

"சரி, பங்குனிக்கும் வரச் சொல்லு."

வேண்டாவிடம் போய்க் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டாவது முறை கேட்டதும் சிரித்தாள்.

"எங்க சாமி கன்னியம்மா கோச்சிகினு கடலுக்குள்ள பூட்டா. கெஞ்சி வூட்டுக்கு இட்டுகினு போவத்தான் வந்துகிறோம். நாளைக்கி விடியச்சொல்ல வந்துருவா. அவ வந்துட்டா அப்பறம் பங்குனியில யாரக் கூப்புட வர்றது?"

இதை அப்படியே பாயிடம் சொன்னேன்.

"அவங்களே வரணும்னு இல்லப்பா. ஒரு இருபது குடும்பத்தப் புடி. சேலையக் கட்டி உக்கார வை. அடுப்பு, கோழி எல்லாம் வை. வெள்ளக்காரனுக்கு இன்னா தெரியும்? இவங்க கெளம்புனதும் காத்தால ஒம்பதுக்கு கடைக்கு வந்துரு. இதான் உன் மொத வேல."

வேலை கிடைத்துவிட்டது. காலை ஒன்பது, மாலை ஆறு. மாசி முடிய இன்னும் நாள் இருந்தது, மேஸ்திரி என் பேரை அடித்துக்கொள்ளலாம். சரி பாய் என்றேன். யோசித்துச் சொன்னதா, யோசிக்காமல் சொன்னதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நான் வந்தபோது வேண்டா எங்கள் கூடாரம் ஒன்றின் கயிறு தளர்ந்திருப்பதைப் பார்த்து அதை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாரு உன் மொதலாளி? திட்னாரா?"

"இல்ல. வேலை கொடுத்துட்டாரு."

"நல்லதாப் போச்சி." கயிற்றை முளையில் சுற்றி முடித்தாள். "அப்பறம் ஏன் மூஞ்ச இப்பிடி வச்சிகினு கீற?"

அடுத்த கூடாரத்தின் முளை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.